யார் வீட்டுப் பிள்ளை?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 26. பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பொறியியல் முடித்துக் கோவையில் வேலை பார்த்தேன். இப்போது ஊர் திரும்பி, முண்டு மிளகாய் வாங்கித் தூளாக்கி, பாக்கெட் போட்டு விற்கிறேன். அம்மா தினமும் அழுகிறார். மானாவாரி விவசாயியான அப்பாவோ, "குரூப் 4 எழுது, இல்லாவிட்டால் கோவைக்கே போ" என்கிறார். ரிஸ்க் என்றாலே அவருக்குப் பயம். பெண் பார்க்கப் போன இடத்தில், "மிளகாய்ப்பொடி விற்கிறவனுக்கா?" என்றார்கள். 1922இல் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்களே, அந்தத் துணிச்சல் இன்று எங்கே? மண்டியில் ரொக்கம் கேட்கிறார்கள், மதுரைக் கடைகள் அறுபது நாள் கழித்துப் பணம் தருகின்றன, வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். இதெல்லாம் தொழிலில் சகஜம், சமாளித்துவிடுவேன். நம் மக்களின் இந்த மனநிலையை எப்படிச் சமாளிப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தின் முக்கால்வாசி அம்மாவின் அழுகைக்கும் பெண் வீட்டாரின் பேச்சுக்கும் போய்விட்டது. உண்மையான தடையைச் "சகஜம்" என்று தாண்டிவிட்டீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மண்டியில் உங்களுக்கு ரொக்கம். பக்கத்தில் நின்று அதே மிளகாயை எடுக்கும் இன்னொருவருக்குப் பேரேட்டில் ஒரு வரி. பணம் அடுத்த மாதம். மண்டிக்காரர் உங்களிடம் முதல் நாள் என்ன கேட்டிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. "தம்பிக்கு எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" மரியாதையாகத்தான் கேட்டிருப்பார். என்ன சாதி, மாமன் மச்சானில் கடை வைத்திருப்பவர் உண்டா, பணம் நின்றுபோனால் யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம் என்பதெல்லாம் அந்த இரண்டு கேள்விகளுக்குள் அடக்கம். பதிலில் பிடிமானம் கிடைக்காவிட்டால், ரொக்கம்தான். கொள்முதலுக்கு இன்றே பணம், விற்றதற்கு அறுபது நாள் கழித்து. லாபத்தில் ஓடும் தொழிலே இந்த இடைவெளியில் முடங்கிவிடும். விற்பனை கூடக் கூட இன்னும் சீக்கிரம் முடங்கும்.

சிவகாசி இளைஞர்களின் துணிச்சலை நானும் மதிக்கிறேன். அவர்கள் எந்தச் சமூகத்திலிருந்து கிளம்பினார்கள் என்பதையும் பாருங்கள். 1899 சிவகாசிக் கலவரத்தில் தாக்கப்பட்ட நாடார் சமூகம் அது. உறவின்முறை என்ற சாதிச் சங்கமாகக் கூடி, வியாபாரத்தில் மகமை என்று பொது நிதிக்கு ஒரு பங்கு பிடித்து, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம்வரை கட்டிக்கொண்டது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியையும் தொடங்கிவிட்டது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி அதுதான். நீங்கள் சொல்லும் கல்கத்தாப் பயணம் அதற்கு அடுத்த ஆண்டு. தோற்றுத் திரும்பினாலும் நடுத்தெருவில் விடாத ஓர் ஏற்பாடு அவர்களுக்குப் பின்னால் இருந்தது. நகரத்தார் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனுக்கும், திருப்பூரில் சொந்தக்காரரின் பனியன் கம்பெனியில் தொழில் பழகியவனுக்கும் அப்படித்தான்.

அந்த ஏற்பாடுகள் எல்லாமே சாதியின் எல்லையோடு நின்றுவிட்டன. தலித் இளைஞர் ஒருவர் உணவுப்பொருள் விற்க வந்தால், மண்டிக் கடனுக்கு முன்பே "வாங்குவார்களா?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. தலித், பழங்குடித் தொழில்முனைவோருக்காகத் தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. நல்ல திட்டம். அதைக் கொண்டு இயந்திரம் வாங்கலாம். மண்டியில் முப்பது நாள் தவணை வாங்க முடியுமா?

உங்கள் அப்பாவுக்கு ரிஸ்க் என்றால் பயம் என்று எழுத எப்படி மனம் வந்தது? ராமநாதபுரம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஆண்டுதோறும் விதைக்கிறவர் அவர். ஒரே வீட்டில் இரண்டு சூதாட்டம் வேண்டாம் என்கிறார். மழை பொய்த்த வருடத்தில் அடுப்பெரிய ஒரு மாதச் சம்பளம் வேண்டும் என்கிறார். அவர் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. பெண் வீட்டார் போட்டதும் அதே கணக்குத்தான். ஆனால் அவர்கள் பேசிய விதம் கேவலம்.

இனி வேலையைப் பார்ப்போம். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அடுத்த மாதமும் ஆர்டர் வேண்டுமே, யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்? அதனால் வேறொரு வழி சொல்கிறேன். அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் கடைக்காரர் வருமான வரிக்குச் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதை அவருடைய ஆடிட்டர் காதில் போட்டு வையுங்கள்.

வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். சிறுதொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. மேலாளர் முகம் சுளித்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

மதுரைக் கடைகளில் பாதியை நிறுத்திவிட்டு, பரமக்குடி, மானாமதுரை மெஸ்களுக்கு ரொக்கத்துக்குக் கொடுங்கள். விற்பனை குறையும், குறையட்டும். குரூப் 4க்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். தேர்வுக்கு அரை நாள்தான் போகும். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் உங்களிடம் கோவைப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.