ஆசாரி ஏன் சிரித்தார்?

வணக்கம் அண்ணன்,

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு ஸ்கேட்போர்டு ஆசை வந்திருக்கிறது. கடையில் வாங்கித் தருகிறேன் என்றால், வேண்டாம், நாமே செய்வோம் என்கிறாள். கார் ஷெட்டில் இடம் இருக்கிறது. கஜா புயலில் விழுந்த பூவரசை அறுத்து வைத்த பலகை ஒன்றும், பழைய வீட்டுத் தேக்குப் பலகை ஒன்றும் கிடக்கின்றன. எது சரியாக வரும்? ஆசாரியிடம் போனில் படத்தைக் காட்டினேன், சிரித்துவிட்டார். அதனால் யூடியூப் பார்த்து நானே செய்துவிடலாம் என்றிருக்கிறேன். பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று அம்மா திட்டுகிறார்கள். மேல்நாட்டு விளையாட்டு நமக்குத் தேவையா என்று எனக்கும் ஒரு யோசனை உண்டு.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மேல்நாட்டு விளையாட்டு என்ற யோசனையை விடுங்கள். கிரிக்கெட் பார்க்கும் வீட்டில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அம்மாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டிங் முதன்முதலாகச் சேர்ந்தது. பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. வெள்ளி வாங்கிய ரெய்சா லியாலுக்கும் 13தான்.

எனக்குக் கோபம் வந்தது வேறு வரியில். ஆசாரி சிரித்துவிட்டார், அதனால் நானே செய்கிறேன் என்கிறீர்களே, அந்த 'அதனால்' எப்படி வந்தது? கொஞ்ச நாளாகவே இது என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. மரம் தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவரைத் தாண்டிப் போய், எங்கோ ஒருவர் எடுத்த வீடியோவிடம் பாடம் கேட்கிறோம். அவரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்? போனை நீட்டினீர்கள், அவ்வளவுதான். அதன்மேல் எவ்வளவு எடை ஏறும், எங்கே துளை விழும், எந்த வாக்கில் வளையும் என்று ஒன்றாவது சொன்னீர்களா? ஒன்றும் சொல்லாமல் படத்தைக் காட்டினால் யாராக இருந்தாலும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

நான் வளர்ந்தது குடமுருட்டிக் கரையில். தெருமுனையில் ஒரு வண்டிப் பட்டறை. டயர் வண்டியும் பிறகு டிராக்டரும் வந்து அதை மூடும்வரை, பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். மாட்டுவண்டிச் சக்கரத்தின் வட்டையை, அதாவது வெளிவளையத்தை, ஏன் இப்படித் துண்டு துண்டாகச் செய்கிறார்கள், ஒரே பலகையில் வட்டமாக அறுத்துவிடலாமே என்று ஒருநாள் கேட்டேன். அங்கிருந்த பெரியவர் பதில் சொல்லவில்லை. ஒரு கழிவுக் கட்டையை எடுத்து, நார் ஓடும் வாக்கில் உளியை வைத்துத் தட்டினார். கட்டை இரண்டாகப் பிளந்தது. இன்னொரு கட்டையில் நாருக்குக் குறுக்கே வைத்துத் தட்டினார். உளி பதிந்தது, கட்டை பிளக்கவில்லை.

அப்புறம்தான் விளக்கினார். ஒரே பலகையில் வட்டம் அறுத்தால் சில இடத்தில் நார் நீளமாக ஓடும், சில இடத்தில் அறுபட்டுக் குட்டையாக நிற்கும். பாரம் ஏறினால் அந்தக் குட்டை நாரில்தான் விடும். அதனால் ஒவ்வொரு துண்டிலும் நார் கூடியமட்டும் வளைவோடு போகும்படி பார்த்து அறுக்கிறார்கள். ஆரக்காலைச் சக்கரத்தின் நடுவில் உள்ள குடத்தில் இறக்கி, அதன்மேல் அந்தத் துண்டுகளைக் கோத்து, வறட்டி நெருப்பில் பழுத்த இரும்புப் பட்டாவை மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டா சுருங்கச் சுருங்க மூட்டெல்லாம் முனகிக்கொண்டே இறுகும். அந்தப் புகையின் வாசனை இன்றைக்கும் எனக்குப் பிடித்தது.

ஸ்கேட்போர்டுப் பலகையிலும் இதே சங்கதிதான். 1950களில் கலிபோர்னியாப் பையன்கள் ஒற்றைப் பலகையில் ரோலர் ஸ்கேட் சக்கரத்தை அடித்து ஓட்டினார்கள். ஒற்றைப் பலகையில் நார் முழுக்க நீளவாக்கில் ஓடும். சக்கரம் தாங்கும் ட்ரக்கை முடுக்க முன்னால் 4, பின்னால் 4 போல்ட் துளை போடுகிறோம். எம்பிக் குதித்து இறங்கினால் அந்தத் துளைகளின் வரிசையிலேயே பலகை பிளக்கும். அதனால்தான் இப்போது மேப்பிள் மரத்தை மெல்லிய தகடாகச் சீவி, பொதுவாக 7 அடுக்காக ஒட்டுகிறார்கள். 5 அடுக்கில் நார் நீளவாக்கில், 2 அடுக்கில் குறுக்கே. நீளநார் வளைந்து கொடுக்கும், குறுக்குநார் பிளக்க விடாது. ஆசாரியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் உங்களுக்கு மேலே நாலு விஷயம் சொல்வார்.

போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இழைப்புளியை அவள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் கோணலாகத்தான் வரும், வரட்டும். நீங்கள் செய்து முடித்து அவளுக்குப் பரிசாக நீட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். செய்வோம் என்று கேட்டவள் அவள். ஆசாரிக்கு முழுநாள் கூலி கொடுங்கள். சின்ன வேலைதானே என்று டீயோடு அனுப்பிவிடாதீர்கள்.

சரி, உங்கள் பலகைகள். கணுவும் வெடிப்பும் இல்லாமல் நார் நேராக ஓடினால், மெதுவாக உருட்டிப் பழக இரண்டுமே போதும். குதிக்க வேண்டுமென்றால் 3 மில்லிமீட்டர் ப்ளைவுட் 4 தாள் வாங்கி, தண்ணீர் தாங்கும் பசை பூசி, வளைவாகச் செதுக்கிய கட்டைமேல் வைத்து கிளாம்ப் போட்டு முடுக்குங்கள். அந்தக் கட்டையைச் செதுக்க உங்கள் பூவரசு ஆகும்.

ட்ரக்கையும் சக்கரத்தையும் செய்ய முயலாமல் வாங்கிவிடுங்கள். இரும்பு வளையமே சக்கரமாக இருக்கும் பேரிங் வண்டியை நாம் ஓட்டியிருக்கிறோம், சிமெண்டில் எப்படி வழுக்கும் என்று உங்களுக்கும் தெரியும். அமெரிக்காவிலும் 1970களில் பாலியூரித்தேன் சக்கரம் வரும்வரை இரும்புச் சக்கரமும் களிமண் கலவைச் சக்கரமும்தான். சக்கரத்துக்கு 2 வீதம், '608' என்ற அளவு பேரிங் 8 வேண்டும். பாலத்து இறக்கத்தில் விடாதீர்கள், பஸ் வரும். நெல் காயாத மாதங்களில் சிமெண்ட் களம் காலியாகத்தான் கிடக்கும், கேட்டுக்கொண்டு அங்கே ஓட்டட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் பசை வேலை வேண்டாம். நம் பக்கத்து ஈரத்தில் மரமும் ஊறியிருக்கும், பசையும் லேசில் காயாது. தை பிறந்ததும் ஒட்டி, ஒரு முழுநாள் கிளாம்பை அவிழ்க்காமல் விடுங்கள். அதற்குள் ட்ரக்கும் சக்கரமும் வாங்கி வையுங்கள். ஹெல்மெட்டை அவற்றுக்கும் முன்னால் வாங்குங்கள்.

அன்புடன்,
அண்ணன்