வாசகர் கேள்வி – பதில்: நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் உற்சாகம் ஏன் மூன்றாம் நாளே வடிந்துவிடுகிறது?

இந்த முறை நெட்வொர்க் மார்க்கெட்டிங் (பொருளை விற்பதோடு, கீழே ஆட்களைச் சேர்த்து அவர்கள் வியாபாரத்திலும் கமிஷன் பெறும் தொழில்) பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில். பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. செமினாருக்குப் போய் வந்தால் இரண்டு நாள் பறக்கிற மாதிரி இருக்கிறது. மூன்றாம் நாள் போனை எடுக்கவே கை வருவதில்லை. அப்லைனிடம் (என்னைச் சேர்த்துவிட்டவர்) சொன்னால், "ட்ரீம் போர்டைத் தினமும் பாருங்கள்" என்கிறார். கார், வீடு படங்கள் ஒட்டிய அந்தப் பலகையைப் பார்க்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை.

நடக்காததில் வியப்பில்லை. காரையும் வீட்டையும் மனதுக்குள் ரசித்துக்கொண்டிருக்கும்போதே அது கிடைத்துவிட்ட திருப்தியில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. அப்புறம் போனை எடுக்க என்ன அவசரம்? உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன் சக ஆய்வாளருடன் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, படிப்பு முடித்து வேலை தேடியவர்களைக் கவனித்தது. வேலை கிடைத்துவிட்டதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்கு வந்த வாய்ப்பும் குறைவு, கிடைத்த சம்பளமும் குறைவு. 'எனக்குக் கிடைக்கும்' என்று எதிர்பார்த்து வேலை பார்த்தவர்கள் தேறினார்கள். நம்பிக்கை வேறு, பகற்கனவு வேறு. இந்தத் தொழிலின் மேடைகளில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து கொடுத்துவிடுகிறார்கள்.

போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்: "மாலை 7 மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும், நேற்று எழுதி வைத்த மூன்று பெயரில் முதல் பெயருக்கு டயல் செய்வேன்." எப்போது, எங்கே, முதல் அசைவு என்ன, மூன்றும் அதில் இருக்க வேண்டும். இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார். வெறும் 'செய்ய வேண்டும்' என்ற எண்ணத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது. பெயர்களை முந்தின நாளே எழுதி வைப்பதுதான் இதில் முக்கியம். களைத்துப்போன நேரத்தில் 'யாருக்குப் பண்ணலாம்' என்று லிஸ்ட்டைப் புரட்ட ஆரம்பித்தால், புரட்டிக்கொண்டே இருந்துவிட்டு மூடி வைத்துவிடுவீர்கள்.

நாளுக்கு 45 நிமிடம் போதும். முதல் 15 நிமிடம் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு: பொருள் எப்படி இருக்கிறது, தீர்ந்துவிட்டதா, ஏதாவது குறையா. அடுத்த 20 நிமிடம் புது ஆட்கள். கடைசி 10 நிமிடம் குறிப்பு எழுதவும் நாளைய மூன்று பெயருக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தெரிந்த வாடிக்கையாளரிடம் பேசிக் குரலில் இறுக்கம் தளர்ந்த பிறகு புது ஆளுக்கு டயல் செய்வது பாதி சுலபம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டீம் குரூப்பில் 'குட் மார்னிங் லீடர்ஸ்' போடுவது, வீடியோ ஃபார்வர்டு செய்வது, ஜூம் மீட்டிங்கில் உட்காருவது எல்லாம் வேலை செய்த மாதிரியே தோன்றும். நாள் முடிவில் ஒருவரும் ஒரு பொருளும் வாங்கியிருக்க மாட்டார். ஒரு வாரத்தில் மீட்டிங்கில் கழிந்த நேரம் வாடிக்கையாளர்களிடம் பேசிய நேரத்தைவிட அதிகமானால், அடுத்த வாரம் ஒரு மீட்டிங்கை வெட்டுங்கள்.

கேள்வி: இருபது பேருக்கு மேல் பேசிவிட்டேன். எல்லாரும் 'வேண்டாம்' என்கிறார்கள். சொந்தக்காரர்கள் என்னைக் கண்டாலே ஒதுங்குகிறார்கள். இந்த 'நோ'க்களைத் தாங்கிக்கொள்வது எப்படி?

தாங்கிக்கொள்வதற்கு முன்னால் படித்துப் பாருங்கள். எல்லா 'வேண்டாம்'களும் ஒன்றல்ல. நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, பெயர், பேசியது பொருளைப் பற்றியா தொழிலைப் பற்றியா, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, அடுத்து எப்போது. முப்பது வரி சேர்ந்ததும் உட்கார்ந்து பாருங்கள்.

பேச்சைத் தொடங்கும் முன்பே நழுவியிருந்தால் கோளாறு உங்கள் முதல் வாக்கியத்தில். கேட்டுவிட்டு "விலை ஜாஸ்தி" என்றிருந்தால், அதே மாதிரிப் பொருள் வெளியே என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று நீங்களே போய் அளவுக்கு அளவு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தால் எந்தப் பயிற்சி வகுப்பும் அதை மாற்றாது. ஒருமுறை வாங்கியவர்கள் இரண்டாம் முறை வாங்கவில்லை என்றால், உங்கள்மேல் உள்ள பிரியத்துக்காக வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதல் வாக்கியத்தில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. "ஒரு நல்ல விஷயம் இருக்கு, நேர்ல வாங்க, சொல்றேன்" என்று கம்பெனி பெயரை மறைத்துக் கூப்பிடச் சொல்லித் தருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் ஆள் சேர்த்துச் சம்பாதிக்கும் பிளானைக் காட்டினால், ஏமாற்றி வரவழைத்த எரிச்சலில்தான் அவர் மீதியைக் கேட்பார். வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "நான் இந்தக் கம்பெனிப் பொருளை விக்கிறேன். பத்து நிமிஷம் காட்டலாமா? வேண்டாம்னா தாராளமா சொல்லுங்க, திரும்பக் கேக்க மாட்டேன்." சொன்னபடி திரும்பக் கேட்காதீர்கள். அவரே ஒரு தேதி சொன்னால் மட்டும் ஃபாலோ-அப், அதுவும் அதிகபட்சம் இரண்டு முறை. பொருளையும் தொழிலையும் ஒரே சந்திப்பில் கலக்கவும் கூடாது. சோப்பு வாங்க வந்தவரிடம் 'நீங்களும் சேரலாமே' என்றால் அவர் சோப்பையும் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

சொந்தக்காரர்களிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்: "இனிமே நீங்களா கேட்டாலொழிய இதப் பத்திப் பேச மாட்டேன்." சொன்ன வார்த்தையைச் சில மாதம் காப்பாற்றினால், ஒதுங்கியவர்கள் பழையபடி பேசத் தொடங்குவார்கள். இந்த உறுத்தலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பலருடைய 'ஊக்கக் குறைவில்' மிச்சம் அதிகம் இருக்காது.

கேள்வி: தினமும் செய்ய வேண்டும் என்று தொடங்கி இரண்டாம் வாரமே இரண்டு நாள் விட்டுவிட்டேன். எல்லாம் வீணா?

இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. விட்டதை ஈடுகட்ட மறுநாள் மூன்று மடங்கு போன் செய்யாதீர்கள், வழக்கமான மூன்று பெயரோடு நிறுத்துங்கள்.

கேள்வி: மாதக் கடைசியில் பாயிண்ட் (எடுக்கும் சரக்குக்குக் கம்பெனி போடும் மதிப்பெண்) குறைந்தால் ஆக்டிவாக (கமிஷனுக்குத் தகுதியோடு) இருக்க நானே சரக்கு எடுத்துவிடுகிறேன். "இது செலவு இல்லை, முதலீடு" என்கிறார் அப்லைன். வீட்டில் அட்டைப்பெட்டிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. கமிஷன் வந்தாலும் மனம் சந்தோஷப்படவில்லை.

உங்கள் மனம் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது, அதைத் தாளில் இறக்குங்கள். ஒரு மாதத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கமிஷன் 3,000, வெளியாளுக்கு விற்ற லாபம் 1,200. ஆக வரவு 4,200. பாயிண்டுக்காக எடுத்து இன்னும் விற்காத சரக்கு 3,500, மீட்டிங் டிக்கெட் 600, பயணமும் போனும் 700, வருடப் புதுப்பிப்புக் கட்டணத்தில் இந்த மாதப் பங்கு 100. ஆகச் செலவு 4,900. கமிஷன் ஸ்டேட்மென்ட்டில் 3,000 என்று பச்சையில் மின்னும், கையில் 700 நஷ்டம். உழைத்த மணிகளுக்கு இதில் இன்னும் விலையே போடவில்லை. சொந்த உபயோகத்துக்கு எடுத்ததையும், 'இந்த பிளான் இல்லையென்றால் இதே விலைக்கு இதை வாங்கியிருப்பேனா?' என்று கேட்டுவிட்டு எந்தப் பக்கம் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்.

விற்காத சரக்கைத் தலையில் கட்டுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. 1979-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் (வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) ஆம்வே என்ற நெட்வொர்க் கம்பெனியின் வழக்கில் தீர்ப்பளித்தபோது, அது பிரமிட் திட்டம் (பொருள் விற்பதில் அல்லாமல் ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் மோசடி) அல்ல என்று சொல்ல அந்தக் கம்பெனியின் மூன்று விதிகளைக் கணக்கில் எடுத்தது. வாங்கிய சரக்கில் குறைந்தது 70 சதவீதத்தை விற்ற பிறகே அடுத்த ஆர்டர், மாதம் 10 சில்லறை வாடிக்கையாளருக்காவது விற்பனை, விலகுபவரிடமிருந்து விற்காத சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுதல். உங்கள் கம்பெனியில் இப்படி ஒரு விதி இருக்கிறதோ இல்லையோ, நீங்கள் உங்களுக்கே போட்டுக்கொள்ளலாம்: பெட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் புது ஆர்டர் இல்லை, கம்பெனி தரும் ரேங்க் (பதவி நிலை) போனாலும் சரி. கடன் வாங்கியோ கிரெடிட் கார்டைத் தேய்த்தோ பாயிண்ட் நிரப்புவது ஒருபோதும் கூடாது.

ரேங்க் போய்விட்டால் டீமில் முகம் காட்ட முடியாதே என்பீர்கள். சரக்கு எடுத்துக் காப்பாற்றும் ரேங்க்கை அடுத்த மாதமும் சரக்கு எடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

கேள்வி: டீமில் பன்னிரண்டு பேர். இரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள். மற்றப் பத்துப் பேரையும் எப்படி ஊக்கப்படுத்துவது? அவர்களைப் பார்த்தே எனக்குச் சலித்துவிடுகிறது.

பத்துப் பேரையும் துரத்துவதை நிறுத்துங்கள், சலிப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒருமுறை, தனியாக, "தொடர்றீங்களா, இல்ல வாடிக்கையாளரா மட்டும் இருக்கீங்களா? எதுவானாலும் சரி" என்று கேளுங்கள். வாடிக்கையாளராக இருக்கிறேன் என்பவருக்கு மாதம் ஒரு போன் போதும். மிச்ச நேரத்தை அந்த இரண்டு பேருக்குக் கொடுங்கள். அவர்களோடு உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேளுங்கள், நீங்கள் பேசி விற்பனையை முடித்துக் கொடுக்காதீர்கள்.

புதிதாகச் சேருகிறவர் முதல் வாரத்தில் வெளியாள் ஒருவருக்கு ஒரு பொருளாவது விற்றுவிட வேண்டும். அதுவரை அவரை ஐ.டி. போடும் (புது ஆள் சேர்க்கும்) வேலைக்கு அனுப்பாதீர்கள். தானே விற்காதவர் தன்னைப் போலவே விற்காத பத்துப் பேரைத்தான் சேர்ப்பார்.

'ஆளுக்கு ஐந்து பேர்' என்று வெள்ளைப் பலகையில் வட்டம் போடும் கணக்கையும் முழுசாகப் போட்டுப் பாருங்கள். 5, 25, 125, 625, 3,125. ஐந்தாவது அடுக்கு நிறைந்ததும் மொத்தக் கூட்டத்தில் 80 சதவீதம் பேர் கடைசி அடுக்கில் நிற்பார்கள், கீழே ஒருவரும் இல்லாமல். இன்னும் எத்தனை அடுக்கு கூட்டினாலும் அந்த 80 மாறாது. 13-ஆம் அடுக்கில் மட்டும் 122 கோடிப் பேர் வேண்டும். 15-ஆம் அடுக்குக்கு உலகத்தில் ஆள் கிடையாது. அதனால் டீமின் பெரும்பகுதிக்கு வெளியாளிடம் விற்கும் லாபம் மட்டுமே வருமானமாக இருக்க முடியும். அது இல்லாத டீமுக்கு நீங்கள் எவ்வளவு ஊக்கம் ஊற்றினாலும் தங்காது.

கேள்வி: "விட்டவன் ஜெயிக்க மாட்டான்" என்கிறார்கள். எந்தக் கட்டத்தில் விடலாம்?

முடிவை மனம் சோர்ந்த நாளிலும் எடுக்காதீர்கள், செமினார் முடிந்த இரவிலும் எடுக்காதீர்கள். தேதியையும் எண்ணையும் இப்போதே எழுதுங்கள். எங்கள் யோசனை: இன்றிலிருந்து ஆறு மாதம், மேலே சொன்ன 45 நிமிட வேலை, வரவு செலவு நோட்டு. ஆறாம் மாத முடிவில் நீங்கள் அழைக்காமலே திரும்ப வாங்கும் வெளி வாடிக்கையாளர் பத்துப் பேராவது இருக்கிறார்களா? கடைசி மூன்று மாதம் செலவு போகக் கையில் நின்ற பணம் கூடியதா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் வெளியே வாருங்கள். உங்களிடம் குறை இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. 2024-இல் ஃபெடரல் டிரேட் கமிஷனின் அலுவலர்கள் 70 நெட்வொர்க் கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வந்தது வருடத்துக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவோதான். குறைந்தது 17 கம்பெனிகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே வரவில்லை. உங்கள் கம்பெனி அப்படி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தால் படியுங்கள். அதில் 'சராசரி'யை விட்டுவிட்டு, எத்தனை சதவீதம் பேருக்கு ஒன்றும் வரவில்லை என்ற வரியையும், செலவைக் கழித்தார்களா என்ற அடிக்குறிப்பையும் தேடுங்கள்.

வெளியேறும்போது அப்லைனிடம் வாய்வார்த்தையாகச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். கம்பெனிக்கே எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப எடுக்கும் விதி, அதன் காலக்கெடு, எவ்வளவு பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு, சீல் உடையாத, காலாவதி ஆகாத பெட்டிகளை பில்லோடு சேர்த்து அனுப்புங்கள். வங்கியிலோ கார்டிலோ மாதாந்திர ஆட்டோ ஆர்டர் போட்டிருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்துங்கள். ஐ.டி.யை மூடினால் அதுவும் தானாக நின்றுவிடும் என்று நம்பிவிடாமல், அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டை ஒருமுறை திறந்து பாருங்கள்.