இடக்கை ஹாங்க் ஆரன் அட்டைக்கு இரட்டை விலையா?

டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1957ல் வெளியிட்ட பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் அட்டையில், வலக்கை ஆட்டக்காரரான அவர் இடக்கை ஆட்டக்காரர் போல நிற்கிறார், ‘அபூர்வப் பிழை’ என்று சொல்லி விற்பவர் இரண்டு மடங்கு கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள், அதனால் அந்த வரிசையில் வந்த ஆரன் அட்டை அத்தனையுமே இப்படித்தான் இருக்கும், சட்டையில் உள்ள 44கூட கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டிருக்கும்.

எனக்குப் பிடித்தது 1956ல் வந்த ஆரன் அட்டைதான். பின்னணியில் ஹோம் பிளேட்டை (ரன் எடுக்க வந்து தொட வேண்டிய இடம்) நோக்கிச் சறுக்கி வருபவர் ஆரனே இல்லை, வேறு அணி வீரர் வில்லி மேஸ்! அவர் மேல் ஆரனின் அணியான பிரேவ்ஸின் சீருடையை வரைந்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

கூடுதல் காசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 1958ல் பெயர் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் எழுத்தில் வந்ததைத் தேடுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள், பழுப்பேறிய வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும். கை கடித்தால் 1974 டாப்ஸ் வரிசையின் முதல் அட்டையை வாங்குங்கள், அதுவும் ஆரன்தான். 713 ஹோம் ரன்னில் நின்றவருக்கு, பேப் ரூத்தின் சாதனையான 714ஐத் தாண்டும் முன்பே ‘ஹோம் ரன் ராஜா’ பட்டம் கொடுத்த அவசரக்குடுக்கை வேலை அது.