பணக்காரர் வேறு, பணக்காரராம் வேறு

கேள்வி: என் மகள் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தில், ‘உங்கள் ரெப்யூட்டட் நிறுவனத்தில் பணியாற்ற விரும்புகிறேன்’ என்று எழுதியிருந்தாள். லண்டனில் இருக்கும் என் தம்பி அந்த ரெப்யூட்டடை எடுத்துவிடச் சொல்கிறான். நாங்கள் படித்த காலத்திலிருந்து அப்படித்தானே எழுதுகிறோம், அதில் என்ன தப்பு?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். ‘மாப்பிள்ளைக்கு ரெப்யூட்டட் கம்பெனியில் வேலை’ என்று கல்யாண விளம்பரத்தில் பார்த்தால் நம் எல்லாருக்கும் நல்ல பெயர் எடுத்த கம்பெனி என்றுதான் புரிகிறது, சில அகராதிகளும் அந்தப் பொருளைக் கொடுத்திருக்கின்றன. ஆனால் லண்டன்காரர் காதில் அது வேறு மாதிரி விழும். தமிழில் ‘அவர் பெரிய பணக்காரர்’ என்பதற்கும் ‘அவர் பெரிய பணக்காரராம்’ என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘ஆம்’தான் ரெப்யூட்டட். ஊர் அப்படிச் சொல்கிறது, உண்மையா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

பழைய இங்கிலாந்தில் ‘ரெப்யூட்டட் குவார்ட்’ என்றே ஒரு பாட்டில் அளவு இருந்தது. முறையான குவார்ட் என்றால் கேலனில் கால் பங்கு, கிட்டத்தட்ட 1,136 மில்லி. இந்த ‘குவார்ட்டாம்’ பாட்டிலோ கேலனில் ஆறில் ஒரு பங்குதான், சுமார் 757 மில்லி. பெயருக்குக் குவார்ட், அவ்வளவுதான்.

நம் சட்டத்திலும் இந்தச் சொல் இருந்திருக்கிறது. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்காக 1909-இல் வந்த திவால் சட்டத்தில் ‘ட்ரூ ஓனர்’, ‘ரெப்யூட்டட் ஓனர்’ என்று இரண்டு பேர் வருவார்கள். ஒரு வியாபாரியின் கடையில் இன்னொருவரின் சரக்கு அவர் சம்மதத்தோடே கிடக்கிறது, பார்க்கிறவர்கள் கடைக்காரருடையது என்றே நினைக்கிறார்கள் என்றால், கடைக்காரர் ரெப்யூட்டட் ஓனர். அவர் திவாலானால் அந்தச் சரக்கும் கடன்காரர்களுக்குப் போகும். உண்மையான உடைமைக்காரர் இவர் இல்லை என்று பிரித்துக் காட்டத்தான் அந்த அடைமொழியே. எனக்கு இந்தச் சொல் முழுசாகப் புரிந்தது இந்த உதாரணத்தில்தான்.

வேர் லத்தீனின் ‘புட்டாரே’, எண்ணுவது, கணக்கிடுவது என்று பொருள். கம்ப்யூட்டருக்கும் அதே வேர்தான். ‘எண்ணப்படுகிற’ என்ற அந்த வாசனை ரெப்யூட்டடில் இன்னும் போகவில்லை.

சரி, மகளுக்கு என்ன சொல்வது? நல்ல பெயர் உள்ள என்பதற்கு ‘ரெப்யூட்டபிள்’ இருக்கிறது, அதில் இந்தக் குழப்பம் வராது. ஆனால் விண்ணப்பத்தில் அதுகூட வேண்டாம் என்பேன். அந்த நிறுவனம் செய்கிற எந்த வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அந்த இடத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தம்பி சொன்னது சரிதான்.