திருட்டுப் படம், பிடிஎஃப் புத்தகம், ஆதார் நகல், பஸ் வீடியோ: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சென்னையில் சட்டம் படிக்கிறேன், அதற்கு முன்னால் கணினிப் பொறியியல் முடித்தவள். இணையத்தில் ஓசியாகக் கிடைப்பவை பற்றியும் நம்மிடமிருந்து வெளியே போகிற விவரங்கள் பற்றியும் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஏற்கெனவே வழக்கில் சிக்கியிருப்பவர்கள் தயவுசெய்து வக்கீலைப் பாருங்கள், ஒரு மாணவியின் பதிலை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், தண்டையார்பேட்டை): அக்கா, புதுப்படத்தை இறக்கிப் பார்த்தால் போலீஸ் பிடிக்குமா? நான் பார்க்கத்தானே செய்கிறேன், எங்கேயும் ஏற்றவில்லையே?

தம்பி, போலீஸ் தேடிப் போவது பெரும்பாலும் தியேட்டரில் படம் பிடிப்பவரையும், அதை ஏற்றுபவரையும், சேனல் நடத்துபவரையும்தான். ஆனால் ‘நான் ஏற்றவில்லை’ என்பது டாரன்ட்டுக்குப் பொருந்தாது. டாரன்ட்டில் ஒரு கோப்பை இறக்கும்போதே, அதுவரை வந்து சேர்ந்த துண்டுகளை உன் கணினி மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், அதே கோப்பைப் பகிர்கிற எல்லோருக்கும் உன் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி தெரியும். டெலிகிராமில் இறக்கியதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாயானால் அதுவும் விநியோகம்தான். 1957ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 63ஆம் பிரிவு, தெரிந்தே மீறுகிறவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணத்தை எழுதிவைத்துத் தண்டனையைக் குறைக்கலாம். தியேட்டருக்குள் கேமராவைத் தூக்கினால் இன்னும் கடுமை. 2023இல் திருத்திய சினிமாட்டோகிராஃப் சட்டப்படி குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கிப் படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். திரையில் ஓடுகிற டிஜிட்டல் பிரதியில் கண்ணுக்குத் தெரியாத அடையாளக்குறி இருக்கும், எந்த அரங்கில் எந்த நேரத்தில் பிடித்தது என்பதை அதை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள்.

மாட்டுவேனா இல்லையா என்று மட்டும் கணக்குப் போடாதே. அந்தத் தளத்தில் படம் ஓடுவதற்கு முன்னால் எத்தனை சூதாட்ட விளம்பரம் வந்து விழுகிறது என்று பார்த்திருப்பாய். அவர்கள் சம்பாதிப்பது அதில்தான். படத்தில் வேலை செய்த ஒரு லைட்மேனுக்கும் அதில் காலணா போகாது.

கேள்வி (உதவி எடிட்டர், சாலிகிராமம்): ரிலீஸ் அன்று மாலையே முழுப்படமும் வந்துவிடுகிறது. கோர்ட்டில் தடை வாங்கியும் நிற்பதில்லையே, ஏன்?

அண்ணா, உங்கள் வருத்தம் நியாயமானது. யார் திருடுவார்கள் என்று முன்கூட்டியே தெரியாததால் பெயர் தெரியாத எதிர்தரப்பின் மேல் தடை வாங்குகிறார்கள். அதற்கு நம் ஊரில் ‘அசோக் குமார் உத்தரவு’ என்றே பெயர். தடுக்கச் சொன்ன முகவரியை இணையச் சேவை நிறுவனம் தடுக்கும், அதற்குள் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி அதே தளம் வேறு முகவரியில் திறந்திருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மூடச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2012இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை வைத்துச் சேவை நிறுவனங்கள் வீடியோ வைக்கும் விமியோ, எழுத்தைப் பகிரும் பேஸ்ட்பின் போன்ற தளங்களையே முழுதாக மூடிவிட்டன. சொந்தக் குறும்படத்தை விமியோவில் வைத்திருந்தவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? அந்த ஜூன் மாதத்தில் நீதிமன்றமே, திருட்டுப் பிரதி இருக்கிற குறிப்பிட்ட இணைய முகவரியை மட்டும்தான் தடுக்க வேண்டும், முழுத் தளத்தையும் அல்ல என்று தெளிவுபடுத்தியது. அதுதான் சரி. உங்கள் தயாரிப்பாளரிடம் நான் சொல்ல நினைப்பது, எடிட்டிங், டப்பிங், சென்சார், தியேட்டர்களுக்கு டிஜிட்டல் பிரதி அனுப்பும் க்யூப் என்று கைமாறுகிற ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனி அடையாளக்குறி போடச் சொல்லுங்கள். கசிந்தால் எந்தக் கையிலிருந்து கசிந்தது என்றாவது தெரியும்.

கேள்வி (எம்.ஏ. மாணவி, திருவல்லிக்கேணி): புத்தக விலை கட்டுப்படியாகவில்லை. ஜெராக்ஸ் எடுப்பதும் பிடிஎஃப் இறக்குவதும் குற்றமா? வேறு வழி என்ன இருக்கிறது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சட்டம் மாணவர்களுக்குக் கொடுத்திருக்கும் இடம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் எடுத்துக்கொள்வதையும், பாடம் நடத்துவதற்காக நகலெடுப்பதையும் மீறலாகக் கருதுவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மேல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. ஆசிரியர்கள் பல புத்தகங்களிலிருந்து தேர்ந்தெடுத்த பக்கங்களை அந்தக் கடை பாடத்தொகுப்பாகக் கட்டி விற்றதுதான் புகார். பாடத்துக்காக நகலெடுப்பது இந்த விலக்குக்குள் வரும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் சொன்னது, 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. இதைச் சாக்காக வைத்து ஒரு முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பலாம் என்று அர்த்தமில்லை, அது வேறு.

அப்புறம், பிடிஎஃப் என்றாலே திருட்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. புதுமைப்பித்தன் 1948இலும் கல்கி 1954இலும் காலமானார்கள், அந்தக் கணக்கிலேயே அவர்கள் எழுத்து பொதுவுக்கு வந்துவிட்டது, அதற்கு முன்பே தமிழக அரசு நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இலேயே அரசு வாங்கியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் உரைநடை வரை இலவசமாக இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். கல்கியின் நாவல் பொதுவுடைமையாக இருந்தாலும், இன்றைய பதிப்பகம் ஒன்று புதிதாக எழுதிச் சேர்த்த முன்னுரையும் ஆய்வுக்குறிப்பும் ஓவியமும் அவர்களுக்குச் சொந்தம். அந்தப் பதிப்பை அப்படியே ஸ்கேன் செய்து சுற்றுக்கு விடக்கூடாது.

ஆய்வுக்கட்டுரைகளுக்கு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியிலிருந்து நடக்கிறது. 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கானது. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று நூலகரைக் கேளுங்கள். கேட்காமலேயே திருட்டுத் தளத்துக்குப் போகிற மாணவர்களை நிறையப் பார்க்கிறேன், கல்லூரியில் எல்லாம் திறந்துதான் இருக்கும், கடவுச்சொல் வாங்க யாரும் போயிருக்க மாட்டார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது, இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களைச் சட்டப்படி அனுப்பிவைக்க வேண்டிய 4 நூலகங்களில் அதுவும் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்கவே தனிப் பகுதி உண்டு. திருவல்லிக்கேணியிலிருந்து இரண்டுக்குமே பஸ் செலவு மட்டும்தான்.

கேள்வி (எழுத்தாளர், வேளச்சேரி): என் சிறுகதைத் தொகுப்பு டெலிகிராமில் பிடிஎஃப்பாகச் சுற்றுகிறது. வாசகர்கள்தானே என்று விட்டுவிடவா, என்ன செய்யலாம் மா?

விடாதீர்கள் ஐயா. தமிழில் ஒரு தொகுப்பு சில நூறு பிரதிகள்தான் அச்சாகிறது. 250 ரூபாய் விலையில் 300 பிரதி விற்று 10 சதவீதம் ராயல்டி வந்தால் மொத்தமே 7,500 ரூபாய். பெரிய நிறுவனத்துக்கு நஷ்டமில்லை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சேனல் இணைப்பு, ஸ்கிரீன்ஷாட், புத்தகத்தின் உரிமைப் பக்கம் மூன்றையும் சேர்த்து டெலிகிராமின் காப்புரிமைப் புகார் மின்னஞ்சலுக்கும், இந்தியாவுக்கான குறைதீர் அதிகாரிக்கும் அனுப்புங்கள். காப்புரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, எழுதிய உடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. சேனல் நடத்துபவர் யாரென்று தெரியாதே என்று சோர்ந்துபோக வேண்டாம். ஒரு பயிற்சி ஆசிரியை தொடுத்த வழக்கில், அவருடைய பாட வீடியோக்களைப் பரப்பிய சேனல்காரர்களின் போன் நம்பர், ஐபி முகவரி விவரங்களைத் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது.

கேள்வி (இரண்டு பிள்ளைகளின் அப்பா, பெரம்பூர்): தப்பு செய்யாதவனுக்கு அந்தரங்கம் எதற்கு? என் பையன் போனுக்கு லாக் போட்டு வைத்திருக்கிறான்.

அப்பா, முதலில் சட்டம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒரே குரலில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அந்த வழக்கைத் தொடுத்த புட்டசாமி ஓய்வுபெற்ற நீதிபதி, மறைக்க எதையாவது வைத்திருந்த குற்றவாளி இல்லை.

அடுத்து, உங்கள் போனில் இருப்பது உங்கள் விவரம் மட்டுமில்லை. உடனடிக் கடன் செயலிகள் செய்தது நினைவிருக்கும். கடன் வாங்கினவர் ஒருவர், அவர் போனிலிருந்த மொத்தப் பெயர்ப்பட்டியலையும் உருவிக்கொண்டு, மாமியார், மேலாளர், பால்காரர் என்று எல்லோருக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்தினார்கள். ‘எனக்கு மறைக்க ஒன்றுமில்லை’ என்று ஒருவர் அனுமதி கொடுத்ததில் அத்தனை பேர் நம்பரும் போனது. ரிசர்வ் வங்கி 2022இல்தான் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரத்தையும் தொடக்கூடாது என்றது.

பையன் லாக் போடுவது வயசுக்கு இயல்பு. அவனை வேவு பார்க்கிற செயலி போட வேண்டாம், அது அவன் செய்திகளை யாரோ ஒருவருடைய சர்வரில் கொண்டுபோய்க் கொட்டும். உட்கார்ந்து பேசுங்கள். கூடவே, பள்ளிச் சீருடையில் அடையாள அட்டையோடு பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸ் வைப்பதை நிறுத்துங்கள். பள்ளிப் பெயர், வகுப்பு, வேன் நம்பர் எல்லாமே அதில் தெரியும்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், வியாசர்பாடி): விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆதாரை அங்கே கொடுக்கலாமா?

இது நம் எல்லோருக்கும் நடக்கிறது. கடைக்காரர் தன் வாட்ஸ்அப் நம்பருக்கு ஆதார் பிடிஎஃப்பை அனுப்பச் சொல்வார். திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும் என்று வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வோம். பிரின்ட் வந்ததும் 10 ரூபாய் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அந்தக் கோப்பு அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உங்களுக்கு முன்னால் வந்த எல்லோருடைய ஆதாரோடும், பேங்க் பாஸ்புக்கோடும், சாதிச் சான்றிதழோடும் அப்படியே கிடக்கும். பெரும்பாலான கடைக்காரர்கள் நல்லவர்கள்தான், அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணினியில் அடுத்து யார் உட்காருவார் என்று யாருக்குத் தெரியும்?

ஆதார் தளத்தில் முதல் 8 எண்களை மறைத்த பிரதியை இறக்கலாம், கடைசி 4 எண்தான் தெரியும். முழு எண்ணை வலியுறுத்தாத இடங்களில் அதையே கொடுங்கள். பென்டிரைவில் கொண்டுபோய் அங்கிருந்தே பிரின்ட் எடுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், வெளியே வரும்போது உங்கள் போனிலேயே ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ போய் வெளியேறுங்கள். டவுன்லோட்ஸையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லிக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். மரியாதையாகக் கேட்டால் செய்து தருவார்கள்.

கேள்வி (பலர்): தி.நகர் கடைகளில் பில் போட நம்பர் கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். நம்பர் இல்லையென்று பில்லை மறுக்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியது. ‘நம்பர் இல்லாமல் போடுங்க’ என்றால் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள்.

கேள்வி (விடுதி மாணவர், குரோம்பேட்டை): பிரீமியம் செயலிகளின் மாற்றியமைத்த ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) போடுகிறேன், ஆபத்தா?

ஆபத்துதான். எஸ்எம்எஸ் படிக்கவும் திரையைப் பார்க்கவும் அது அனுமதி கேட்டால் வங்கி ஓடிபி அதன் கையில். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகேயும் இதே வேலைதான். காசு போய்விட்டால் அழுதுகொண்டு நிற்காமல் உடனே 1930க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் மீட்க வழி.

கேள்வி (கல்லூரி மாணவி, அம்பத்தூர்): பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த என்னை யாரோ வீடியோ எடுத்து மீமாக்கிவிட்டார்கள். லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். ‘ஜாலிதானே’ என்கிறார்கள். எனக்கு வெளியே போகவே பிடிக்கவில்லை.

உன் மேல் எந்தத் தப்பும் இல்லை, இதை முதலில் மனதில் வைத்துக்கொள். ஒரு நடிகரின் காட்சியை வைத்து மீம் போடுவது வேறு. பொது வாழ்க்கைக்கு வந்தவர், அவர் நடித்த காட்சி, அதை வைத்து விமர்சிக்கவும் சிரிக்கவும் சட்டத்திலேயே இடம் உண்டு. வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விட்டு அசந்து தூங்குகிற பெண் யாருக்கும் நடிக்க வரவில்லை. நம் இணையப் பழக்கத்தில் எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் இதுதான். படத்தைத் திருடினால் குற்றம் என்று தெரிந்தவர்களுக்குக்கூட, ஒரு மனுஷியின் முகத்தை எடுத்துக்கொள்வது குற்றமாகத் தோன்றுவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் உடலின் அந்தரங்கப் பகுதியைப் படம் பிடித்தால்தான் பொருந்தும், பஸ்ஸில் எடுத்த முகத்துக்குப் பொருந்தாது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ஏற்றிய கணக்கின் பெயர், இணைப்பு, தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள், அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். அந்தச் செயலியில் ‘என் தனியுரிமையை மீறுகிறது’ என்கிற வகையிலேயே புகார் கொடு, அதோடு குறைதீர் அதிகாரிக்கும் மின்னஞ்சல் போடு. குறித்த கெடுவுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். கீழே ஆபாசமாக எழுதியிருந்தாலோ, படத்தை மார்ஃப் செய்திருந்தாலோ, யாராவது பின்தொடர்ந்தாலோ நிலைமை மாறிவிடும், அதற்குச் சட்டம் இருக்கிறது. தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்களுக்கான பகுதியில் பதிவு செய், பெயர் சொல்லாமலும் பதியலாம். தோழிகளிடம் புகார் அளிக்கச் சொல்லும்போது வீடியோவைக் குழுவில் பகிராதே, கணக்கின் பெயரை மட்டும் தனித்தனியாக அனுப்பு. புகார்க் கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுது, சேர்ந்தே எழுதலாம்.