எட்டாம் மாதம், வீடு மாற்றம், புயல் அறிவிப்பு: வேலூர் தம்பிக்கு

தம்பி, சத்துவாச்சாரி வீட்டை இம்மாதமே காலி செய்யவேண்டும், மனைவிக்கு எட்டாம் மாதம், காட்பாடியில் வீடு பார்த்தாயிற்று, இப்போது புயல் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் 2021 நவம்பரில், பாலாற்றில் இருகரை தொட்டு வெள்ளம் போனபோது, வயிற்றில் பிள்ளையோடு வீடு மாறியவள்தான்.

முதலில் வீட்டுக்காரரிடம் பேசிப் பத்து நாள் கேளுங்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடு என்று தெரிந்தால் பெரும்பாலும் இரங்குவார்கள். மழை விட்ட நாளில் நீங்களும் நண்பர்களும் சாமானை ஏற்றுங்கள். உங்கள் மனைவி தன் அம்மா வீட்டில் இருக்கட்டும். பாத்திரம் அடுக்க மட்டும் வருகிறேன் என்பார், விடாதீர்கள். ஈரத் தரையில் கால் வழுக்கினால் என்ன ஆவது? புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் வாடை போனபிறகு அழைத்துப் போங்கள்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரி ஆற்றுக்கு எந்தப் பக்கம்? வேலூர்ப் பக்கம் என்றால் காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டித்தான் வரவேண்டும். தேதி நெருங்கும்போது மழை வலுத்தால் முன்கூட்டியே இந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அவசரம் என்றால் 108.

ஸ்கேன் ரிப்போர்ட், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்) உள்ள அட்டை, ஆதார் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில், உங்கள் கையில். லாரியில் போடாதீர்கள். அப்புறம், முகவரி மாறுவதை நர்ஸம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்தப் பிக்மி எண் வேண்டும்.

மாமியார் இந்த நேரத்தில் வீடு மாறக்கூடாது என்கிறாரே, அது பயம்தான். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுங்கள்.