ஞாயிறு மதியம் பிள்ளைகளோடு சேர்ந்து இனிப்பு சாண்ட்விச்: ஜாம் இல்லாமல், பிரெட் நனையாமல் செய்வது எப்படி?

கேட்டவர் மார்த்தாண்டம் பக்கம் என்று போட்டிருக்கிறார். ஆறு, பத்து வயதில் இரண்டு பிள்ளைகள். வாழைப்பழமும் தேனும் வைத்தால் பத்து நிமிஷத்தில் பிரெட் சொதசொதவென்று ஆகிவிடுகிறதாம்.

அந்த இரண்டும் பிரெட்டுக்கு ஆகாத கூட்டு. நறுக்கிய பழத்திலிருந்து தேன் நீரை இழுத்து வெளியே விடும், பிரெட் அதைக் குடித்துக்கொள்ளும். நீரை முதலிலேயே வற்றவைத்து, பிரெட்டின் மேல் கொழுப்பாக ஏதாவது பூசிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. உங்கள் ஊரில் இதற்கு வேண்டியதெல்லாம் வீட்டிலேயே இருக்கும்: ஏத்தன் பழம் (நேந்திரம் வாழை), கருப்பட்டி, தேங்காய், நிலக்கடலை.

நாலு பேருக்கு 8 துண்டு பால் பிரெட், நடுத்தர ஏத்தன் 2, துருவிய தேங்காய் 1 கப், கருப்பட்டி 60 கிராம், நிலக்கடலை 100 கிராம், ஏலக்காய் 2, கொஞ்சம் வெண்ணெய், நெய்.

முதலில் கடலை. சிறு தீயில் எட்டு, பத்து நிமிஷம் வறுத்து, தோல் ஊதி, இளஞ்சூட்டோடு சின்ன ஜாரில் ஒரு சிட்டிகை உப்புடன் விட்டு விட்டு அரைக்கவும். பொடியாகும், அப்புறம் ஜாரின் ஓரத்தில் கட்டியாகத் திரண்டு நிற்கும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமை போய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஊற்றினால் விழுது இறுகி, பிரெட்டில் தடவவே வராது. ஓரத்தை வழித்துவிட்டு, ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு இன்னும் இரண்டு சுற்று ஓட்டினால் கடலை தன் எண்ணெயைக் கக்கி இளகும்.

அடுத்து பூரணம். வாழையிலையில் மடித்து அவிக்கிற இலை அடைக்கு வைக்கும் அதே பூரணம்தான், இன்னும் கொஞ்சம் வறண்டிருக்க வேண்டும். கருப்பட்டியை உடைத்து மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள்; அடியில் மணல் தங்கும். பாகு லேசாகப் பிசுக்கென்று வந்ததும் தேங்காயைப் போட்டு, நடுத்தர தீயில் ஐந்தாறு நிமிஷம் கிளறவும். கரண்டியால் சட்டியின் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டில் நீர் ஊறி வரக்கூடாது. அதுதான் பதம். அதைத் தாண்டவிட்டால் ஆறியதும் கமர்கட்டாகிவிடும், சின்னப் பல்லுக்குக் கஷ்டம். ஏலம் தட்டிப் போட்டு முழுக்க ஆறவிடுங்கள். சூடாக வைத்தால் அதன் ஆவியே பிரெட்டை நனைத்துவிடும்.

ஏத்தன் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கணும், ஆனால் அமுக்கினால் குழையக்கூடாது. முழு மஞ்சளாக இருந்தால் மாவு ருசி அடிக்கும். சரிவாக அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் ஒன்றரை நிமிஷம். வெளியே சிவந்தால் ஈரம் கசிவது குறையும். குமரி மாவட்டத்துச் சின்ன வாழையான மட்டிப் பழத்தை இதில் போடாதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், மணம் அபாரம். ஆனாலும் கல்லில் போட்டால் கூழாகும். அதைச் சும்மா உரித்துத் தின்பதுதான் மரியாதை. அன்னாசி வைக்க ஆசையென்றால் சர்க்கரையோடு ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்து வற்றவிடுங்கள். பச்சையாகப் பாலாடையோடு சேர்த்தால் சற்று நேரத்தில் கசக்கும். அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்துவிடும்.

பிரெட்டை டம்ளரின் விளிம்பால் அழுத்தித் திருகி வட்டமாக வெட்டுவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. உள்ளே எதையும் வைப்பதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும்; பிறகு வெட்டினால் பூரணம் பிதுங்கும். ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் வாட்டுங்கள். வாட்டிய பக்கம் உள்ளே வரணும். ஒன்றில் கடலை விழுது, இன்னொன்றில் வெண்ணெய், இரண்டும் விளிம்பு வரை. நடுவில் பழம், அதன்மேல் ஒன்றரை டேபிள்ஸ்பூன் பூரணம். வெளிப்பக்கம் மெத்தென்று இருப்பதால் கடிக்கச் சுலபம்.

யாருக்கு எந்த வேலை? ஆறு வயசுக்குக் கடலைத் தோல் ஊதுவது, வெண்ணெய் தடவுவது, வட்டம் வெட்டுவது. பத்து வயசு பழம் நறுக்கலாம், நீங்கள் பக்கத்தில் நின்றால் பழத்தைத் திருப்பியும் போடலாம். பாகுப் பக்கம் மட்டும் இரண்டு பேரையும் விடாதீர்கள். கொதிக்கிற பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், வெந்நீர் மாதிரி வழிந்து போகாது. உட்கார்ந்து தேங்காய் துருவும் திருவலையும் அப்படியே. பெரியவர்கள் துருவித் தந்தால் போதும்.

இது மட்டுமே மதியச் சாப்பாடு என்றால் நாலு மணிக்கே பசிக்கும். பக்கத்தில் ஆளுக்கொரு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல், குடிக்க மோர். ஆளுக்கு ஒரு சாண்ட்விச் போதும், இரண்டாவது திகட்டும்.

விருந்தாளிப் பிள்ளைகள் வந்தால் கடலை ஒத்துக்கொள்ளுமா என்று அவர்கள் வீட்டில் கேட்டுவிட்டுத் தடவுங்கள். ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வெண்ணெய், கத்தியும் வேறு. ஒரு வயசுக்குக் கீழே கைக்குழந்தை இருந்தால் தேன் எந்த வடிவிலும் வேண்டாம். மிஞ்சிய பிரெட் ஓரங்களை அன்று ராத்திரியே பாலும் முட்டையும் அடித்து நனைத்துக் கல்லில் வாட்டிவிடலாம்.